குடகில் பிறந்தவர், லண்டன் வானில் ஒரே இரவில் ஹீரோ: யார் இந்த லீஃப் ராபின்சன்?

1916 செப்டம்பர் 3, அதிகாலை 2 மணி தாண்டிய நேரம். குண்டுவீச்சு பயத்தில் தூக்கம் தொலைத்த லண்டன் மக்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ராட்சத ஆகாயக் கப்பல் ஒன்று தீப்பிடித்து எரிந்தபடி கீழே விழுந்தது. தெருவெல்லாம் ஒரே ஆரவாரம். அதை வீழ்த்தியவர் 21 வயது லெப்டினன்ட் வில்லியம் லீஃப் ராபின்சன்.

யார் இவர்?

காவிரி பிறக்கும் அதே குடகில், ஒரு காபி தோட்டத்தில் 1895 ஜூலை 14-ல் பிறந்தவர். பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியிலும் படித்தார். 1914 டிசம்பரில் வூஸ்டர்ஷயர் படைப்பிரிவில் அதிகாரியானார். 1915 மார்ச்சில் ராயல் ஃப்ளையிங் கோருக்கு மாறினார். அப்போது பிரிட்டனுக்குத் தனி விமானப்படை கிடையாது. இதுவும் ராணுவத்தின் ஒரு பிரிவுதான். பிரான்ஸில் விமானத்தில் கண்காணிப்பாளராகப் பறந்தபோது கையில் காயம்பட்டது. தேறி வந்ததும் விமானியானார்.

அன்று இரவு என்ன நடந்தது?

இருட்டில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்தவர், எஸ்.எல்.11 என்ற ஜெர்மன் கப்பலை நெருங்கினார். கப்பலுக்குள் இருந்தது ஹைட்ரஜன். காற்றோடு கலக்காதவரை அது தீப்பிடிக்காது. அதனால் சாதாரணக் குண்டுகள் ஓட்டை மட்டும்தான் போடும். ராபின்சனிடம் இருந்தவை வெடிக்கும், தீமூட்டும் புது வகைக் குண்டுகள். முதல் இரண்டு சுற்றும் வீண். மூன்றாவது சுற்றை ஒரே இடத்தில் குறிவைத்துச் சுட்டார். கப்பல் பற்றிக்கொண்டது. அதிலிருந்த 16 பேரும் இறந்தார்கள். இதில் ஒரு விசித்திரம்: கப்பலின் தளபதி வில்ஹெல்ம் ஷ்ராம் பிறந்தது லண்டனில்!

ஏன் விக்டோரியா கிராஸ்?

நம்ம நாட்டுப் பரம்வீர் சக்ரா மாதிரி, பிரிட்டனின் உச்ச வீர விருது இது. அறிவிப்பு செப்டம்பர் 5-லேயே, அதாவது இரண்டே நாளில் வந்துவிட்டது. பிரிட்டன் மண்ணில் நடந்த வீரச்செயலுக்காக இந்த விருதைப் பெற்ற முதல் ஆள் இவர்தான். 1915 முதல் ஆகாயக் கப்பல்கள் வந்து குண்டு போட்டும், பிரிட்டன் வானில் ஒன்றைக்கூட எந்த விமானியும் வீழ்த்தியதில்லை. 'இதை வீழ்த்த முடியும்' என்ற நம்பிக்கையை மக்களுக்குக் கொடுத்தது அந்த இரவு. அதற்கும் சேர்த்துத்தான் இந்த மரியாதை.

அதற்குப் பிறகு?

புகழ் அவரைக் காப்பாற்றவில்லை. 1917 ஏப்ரல் 5-ல் பிரான்ஸின் அராஸ் பகுதியில் 6 பிரிஸ்டல் விமானங்களுக்குத் தலைமை தாங்கிப் பறந்தார். எதிரே வந்தது 'சிவப்பு பேரன்' ரிக்தோஃபனின் படை. நான்கு விமானங்கள் திரும்பவில்லை. அதில் ராபின்சனுடையதும் ஒன்று. உயிர் தப்பினாலும் ஜெர்மனியிடம் கைதியானார். பலமுறை தப்பிக்கப் பார்த்து மாட்டி, தனிமைச் சிறையில் அடைபட்டார். உடம்பு உருக்குலைந்தது.

போர் முடிந்து ஊர் திரும்பிய சில நாட்களிலேயே, உலகத்தையே உலுக்கிய அந்த ஃப்ளூ காய்ச்சல் தாக்கியது. 1918 டிசம்பர் 31-ல் இறந்தார். வயது 23 மட்டுமே.

வீரத்துக்காக அவருக்குக் கிடைத்த அந்த ஒரே பதக்கம் 1988-ல் ஏலத்துக்கு வந்தது. போன விலை 99,000 பவுண்டு.