வாயால் நீர் உமிழும் முகங்கள்

சிகாகோவில் மகள் வீட்டுக்குப் போயிருக்கும் வாசகி ஒருவர், “டிக்கெட் இல்லாமல் பேரப்பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம்?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். வெயில் காலமென்றால் யோசிக்கவே வேண்டாம். நகரின் நடுவே, மில்லேனியம் பூங்காவில் இருக்கும் கிரவுன் நீரூற்றுக்குப் போங்கள். மாற்றுத்துணியும் துண்டும் மறக்க வேண்டாம்.

ஸ்பெயின் நாட்டுச் சிற்பி ஜௌமே பிளென்ஸா வடிவமைத்த இது, 2004-ல் திறக்கப்பட்டது. கறுப்புக் கிரானைட் தளத்தின் இரு முனைகளிலும், எதிரெதிரே 50 அடி உயரத்தில் கண்ணாடிக் கட்டிகளால் எழுப்பிய இரண்டு கோபுரங்கள். உள்ளே எல்.இ.டி. திரை. அதில் மாறி மாறி வரும் முகங்கள் பிரபலங்களுடையவை அல்ல. சிகாகோவாசிகள் சுமார் ஆயிரம் பேருடையவை.

என்னைக் கட்டிப்போட்டது அந்த வாய்தான். நீர் பீய்ச்சும் குழாய் சுவரில் ஒரே இடத்தில் இருக்கிறது. முகங்களோ ஆயிரம் விதம். ஆகவே நீள்முகமோ வட்டமுகமோ, எல்லோருடைய உதடுகளும் சரியாகக் குழாய் மேலேயே வந்து விழும்படி படத்தை அமைத்தாக வேண்டும். படத்தின் வேகத்தையும் குறைத்திருக்கிறார்கள். இமை சாவகாசமாக மூடித் திறக்கும். பிறகு உதடு மெல்லக் குவியும். அவ்வளவுதான், பிள்ளைகள் கூச்சலிட்டபடி அடியில் போய் முண்டியடிப்பார்கள். ‘சோ’வென்று தண்ணீர் கொட்டும்.

ஐரோப்பியத் தேவாலயங்களில் மழைநீரை உமிழும் கல்முகங்களின் வாரிசு இது. எனக்கோ, கோயில் கோமுகியில் வழியும் அபிஷேக நீருக்குச் சிறுவயதில் கையேந்தி நின்றதுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதைப்போல இதைக் குடித்துவிடக் கூடாது.

தளத்தில் கணுக்கால் நனையும் அளவுக்குக்கூட நீர் நிற்காது, மூழ்கும் பயமில்லை. வழுக்கும், அவ்வளவே. ஆனால் இத்தகைய ஊற்றுகளில் பெரும்பாலும் அதே நீரைத்தான் வடிகட்டித் திரும்பத் திரும்ப ஏற்றுகிறார்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி, குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடிருக்கும். 2005-ல் நியூயார்க் மாநிலப் பூங்கா ஒன்றின் நீர்விளையாட்டுத் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் இதனால் நோயுற்றார்கள். அதன் பிறகே அம்மாநிலம் புற ஊதாக் கதிரால் நீரைச் சுத்திகரிப்பதைக் கட்டாயமாக்கியது.

சுத்திகரிக்கும் கருவி தன் வேலையைச் செய்யட்டும். நம் வேலையும் கொஞ்சம் இருக்கிறதே! “இலவசம்தானே, யார் கேட்கப்போகிறார்கள்?” என்று ஈர டயப்பரோடு குழந்தையை இறக்கிவிடுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். காசு கொடுக்காத இடத்தில்தான் பொறுப்பு கூடுதலாக வேண்டும். பேரனுக்கு வயிறு சரியில்லையா? வயிற்றுப்போக்கு நின்று இரண்டு வாரம் கழித்துக் கூட்டிப்போங்கள். முகங்கள் எங்கும் போய்விடாது.