குளிசைக் கணக்குக் கேட்ட நிருபர்



பரிசு என்றதும் மேடையும் மாலையும் பொன்னாடையுமே நம் கண்முன் வருகின்றன. அழகாகப் பாடியவருக்கு, அழகாக எழுதியவருக்கு, வேகமாக ஓடியவருக்குப் பரிசு கொடுக்கிறார்கள். ஆனால், பத்திரிகைத் துறையில் வேறொரு வகைப் பரிசும் உண்டு. மறைத்து வைக்கப்பட்ட ஓர் உண்மையைத் தேடி எடுத்து, ஆதாரத்தோடு மக்கள் முன்னால் வைத்தவருக்கு அது வழங்கப்படுகிறது. தன் ஊரிலும் தன் மாவட்டத்திலும் நடக்கும் அநியாயத்தைத் துருவித் துருவி ஆராயும் இந்த வேலையைப் புலனாய்வுப் பத்திரிகைப் பணி என்கிறார்கள்.

"இதெல்லாம் ஆண்கள் வாசிக்கும் விடயம்" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நான் சொல்லப் போவது உங்கள் வீட்டு மருந்து அலுமாரியோடு சம்பந்தப்பட்ட செய்தி.

392 பேர், 90 இலட்சம் குளிசைகள்

அமெரிக்காவிலே வெஸ்ட் வேர்ஜீனியா என்றொரு மாநிலம் இருக்கிறது. மலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்த, வசதி குறைந்த பிரதேசம். சுமார் 18 இலட்சம் பேர் வாழ்கிறார்கள். சுரங்கத்தில் உழைப்பவருக்கு முதுகுவலியும் மூட்டுவலியும் புதியவை அல்ல. அந்த வலிக்கு வைத்தியர்கள் எழுதிக் கொடுத்தவை ஹைட்ரோகொடோன், ஒக்ஸிகொடோன் என்னும் குளிசைகள். இவை அபின் இனத்தைச் சேர்ந்தவை. வலியை உடனே அடக்கும். கவனமில்லாமல் தொடர்ந்து பாவித்தால் ஆளையே அடிமையாக்கும். அளவு மீறினால் மூச்சை நிறுத்தி விடும்.

அம்மாநிலத்தின் தலைநகரான சார்ல்ஸ்டனில் வெளிவரும் 'சார்ல்ஸ்டன் கெஸட்-மெயில்' என்ற பத்திரிகையின் நிருபர் எரிக் எயர், 2016 டிசம்பரில் ஒரு கணக்கை வெளியிட்டார். ஆறு வருடங்களில் மருந்து மொத்த விற்பனைக் கம்பனிகள் அந்தச் சிறிய மாநிலத்துக்குள் இறக்கிய இவ்விருவகைக் குளிசைகள் 78 கோடி! பால்குடிப் பிள்ளை முதல் படுக்கையில் கிடக்கும் கிழவர் வரை தலைக்கு 433 குளிசைகள். அதே காலத்தில் இவற்றை அளவு மீறி உட்கொண்டு இறந்தவர்கள் 1,728 பேர்.

கெர்மிட் என்ற குக்கிராமத்தின் சனத்தொகை அப்போது 392. அங்கிருந்த ஒரு பாமஸிக்கு இரண்டே வருடங்களில் வந்திறங்கிய ஹைட்ரோகொடோன் குளிசைகள் ஏறக்குறைய 90 இலட்சம். வீட்டுச் செலவுக் கணக்குப் பார்க்கும் நீங்களே இதையும் பிரித்துப் பாருங்கள். ஊரார் மட்டும்தான் வாங்கினார்கள் என்றால், ஒருவருக்கு நாளொன்றுக்கு முப்பதுக்கும் மேல்! வெளியூர்களில் இருந்தும் ஆட்கள் வந்து வாங்கிப் போனார்கள் என்பது விளங்குகிறதல்லவா? அனுப்பிய கம்பனிகளுக்கு அது விளங்காமலா போயிருக்கும்?

மூடிக் கிடந்த கோப்புகள்

இந்த எண்கள் யாருக்கும் தெரியாதவை அல்ல. அரசாங்கத்திடம் இருந்தன; கம்பனிகளிடமும் இருந்தன. மக்களுக்குத்தான் தெரியாது. 2012ஆம் ஆண்டிலேயே மாநில அரசு மொத்த விற்பனைக் கம்பனிகள் மீது வழக்குத் தொடுத்திருந்தது. ஆனால், வழக்கின் முக்கிய விபரங்கள் வெளியே வராதபடி மூடி வைக்கப்பட்டன. பத்திரிகை 2016இல் நீதிமன்றம் சென்று, அவற்றைத் திறக்க வேண்டுமென்று வாதாடி வென்றது. அரசாங்கத்தின் இரகசிய விநியோகப் பதிவுகளையும் எயர் பெற்றுக்கொண்டார். பிறகு நடந்தது, வரிவரியாக உட்கார்ந்து கூட்டிப் பார்க்கும் வேலை.

இன்னொன்றையும் அவர் கண்டுபிடித்தார். சந்தேகத்துக்குரிய அளவில் மருந்துக் கட்டளைகள் வந்தால் கம்பனிகள் அறிவிக்க வேண்டும் என்ற விதி அம்மாநிலத்தில் முன்பே இருந்தது. மருந்தகங்களைக் கண்காணிக்கும் அரச சபை அவ்விதியை நடைமுறைப்படுத்தவே இல்லை. சட்டம் இருந்தது, கேட்பார் இல்லை.

பரிசும் அதன் பலனும்

2017 ஏப்ரலில் எயரின் இப்பணிக்குப் புலனாய்வுச் செய்திக்கான புலிட்ஸர் பரிசு அறிவிக்கப்பட்டது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பெரும் பத்திரிகை அதிபரான ஜோசப் புலிட்ஸரின் உயில்படி, நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகம் 1917 முதல் இப்பரிசுகளை வழங்கி வருகிறது. அவ்வருடம் பரிசுத் தொகை 15,000 டொலர். கம்பனிகளின் செல்வத்தோடு பார்த்தால் அது ஒரு தூசு. ஆனால், ஒரு மாநிலப் பத்திரிகையின் செய்தியை நாடு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

கட்டுரை வந்த சில வாரங்களில், 2017 ஜனவரியில், இரண்டு பெரிய கம்பனிகள் அந்த மாநிலத்துக்கு 3 கோடி 60 இலட்சம் டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டன. தவறு செய்ததாக அவை ஒப்புக்கொள்ளவில்லை. 2021இல் மூன்று பெரிய விநியோகக் கம்பனிகள், ஏனைய மாநிலங்கள் பலவற்றின் வழக்குகளைத் தீர்க்க 18 வருடங்களில் 2,100 கோடி டொலர் வரை கொடுக்க இணங்கின. இவையெல்லாம் ஒரே கட்டுரையால் நடந்தவை என்று சொல்வது சரியாகாது. வழக்கறிஞர்களும், பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் நெடுங்காலம் போராடினார்கள். ஆனால், "எத்தனை குளிசை?" என்ற கேள்விக்கு எல்லோருக்கும் விளங்கும் பதிலைக் கொடுத்தது அந்தக் கட்டுரைதான்.

இனி, கவலை தரும் பகுதியையும் கேளுங்கள். பரிசு கிடைத்து ஒரு வருடம் கூட ஆகவில்லை. 2018 ஜனவரியில் அதே பத்திரிகை வங்குரோத்து நிலைக்கு வந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோரியது. பின்னர் வேறொரு நிறுவனம் அதை வாங்கியது. ஊரைக் காத்த பத்திரிகைக்குத் தன்னைக் காத்துக்கொள்ள முடியவில்லை. பரிசு மதிப்பைத் தரும், அச்சுக்கூலியைத் தராது. அதைத் தருபவர்கள் வாசகர்கள்தாம்.

நாம் செய்யக் கூடியவை

சகோதரிகளே! கெர்மிட்டின் கதையில் ஒரு வீட்டில் நடந்தது அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் இருந்தது. ஒவ்வொரு தாயும் தன் மகன் மட்டும்தான் கெட்டுப் போனான் என்று வெட்கப்பட்டு அழுதால், அது ஊரின் பிரச்சினை என்று யார் சொல்வது? எல்லா வீட்டுக் கண்ணீரையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்க ஒருவர் தேவைப்பட்டார்.

எனவே, வலிக்கு என்று குளிசை தரப்பட்டால் அதன் பெயரென்ன, எத்தனை நாளைக்கு, பழக்கமாகி விடுமா என்று வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள். மிஞ்சிய குளிசைகளைப் பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். உங்கள் ஊரின் குறையை எழுத ஒரு நிருபர் வந்தால், அறிந்த உண்மையைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுங்கள். பத்திரிகை வாங்கும் வீட்டில், வதந்திக்கும் ஆதாரமுள்ள செய்திக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள்.

உண்மையைத் தேடி எழுதுபவருக்குப் பல்கலைக்கழகம் வருடத்துக்கு ஒரு முறைதான் பரிசு கொடுக்கும். கவனமாக வாசிக்கும் ஒரு வீடு ஒவ்வொரு நாளும் கொடுக்கலாம்.