நீரிழிவின் வாசற்படியில் நிற்போர்

நீரிழிவு செல்வந்தர் வீட்டு வியாதி என்று நம்மில் பலர் எண்ணி வந்தோம். அவ்வெண்ணம் இனிச் செல்லாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில், நாடெங்கும் 1,13,000-க்கு மேற்பட்டோரைப் பரிசோதித்து நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. அதன் மதிப்பீட்டின்படி நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேர் நீரிழிவு உடையவர்கள். மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அவ்வியாதியின் வாசற்படியில் நிற்கிறார்கள்.

இவ்வியாதி முற்றினால் கண்ணின் உட்திரை கெடும். காலின் நரம்புகள் மரத்துப்போகும். இழையெண்ணிப் பிழைக்கும் நெசவாளிக்குக் கண்ணே கைமுதல். முள் தைத்ததே தெரியாமல் சேற்றில் நிற்கும் விவசாயிக்குச் சிறு புண்ணும் காலையே பறிக்கக்கூடும். ஆகவே இது நம் பிழைப்பைப் பற்றிய விஷயமாகும்.

கணையத்தில் சுரக்கும் இன்சுலின் என்னும் நீர், இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைகள் ஏற்றுக்கொள்ளுமாறு செய்கிறது. உழைப்புக் குறைந்து வயிற்றில் கொழுப்பு மிகுமானால் இன்சுலினின் வேலை தடைப்படுகிறது. கணையம் மேலும் மேலும் சுரந்து, நாளடைவில் ஓய்ந்துவிடுகிறது. அவ்வாறு ஓய்வதற்கு முன்னுள்ள நிலையையே வாசற்படி என்றோம். அந்நிலையில் வலியில்லை, களைப்பில்லை. பரிசோதனை ஒன்றே அதைக் காட்டும். 75 கிராம் குளுக்கோஸ் அருந்தி இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், இரத்தச் சர்க்கரை 140 முதல் 199 வரை இருக்கும். 200-ம் அதற்கு மேலும் நீரிழிவாகும்.

வாசற்படியில் நிற்பவரைத் திருப்பி அனுப்ப இயலுமா? இக்கேள்விக்கு விடை காணச் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வு நடத்தி, 2006-இல் முடிவைப் பிரசுரித்தார்கள். இந்நிலையிலிருந்த 531 பேரை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குச் சாதாரண யோசனை மட்டும் கூறப்பட்டது. இரண்டாம் பிரிவினர் நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்கவும், சர்க்கரையையும் கொழுப்பையும் குறைத்து, நார்ச்சத்துள்ள ஆகாரத்தைக் கூட்டவும் கற்பிக்கப்பட்டனர். மூன்றாம் பிரிவினருக்கு மெட்பார்மின் மாத்திரை. நான்காம் பிரிவினருக்கு இரண்டும்.

மூன்றாண்டுக் கணக்கில், முதற்பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். நடையும் உணவுமுறையும் கைக்கொண்டவர்களில் அது ஏறக்குறைய 39. மாத்திரை உண்டவர்களில் 40-க்குச் சற்று மேல். இரண்டையும் சேர்த்ததால் தனி லாபம் ஏற்படவில்லை. செலவில்லாத நடை மாத்திரைக்கு ஈடாக நின்றது. நூற்றுக்கு 39 பேரை அதனாலும் காக்க முடியவில்லை என்பதையும் மறைத்தற்கில்லை. எனினும், ஏறக்குறைய ஆறேழு பேர் இம்முறையைக் கைக்கொண்டால் அவர்களுள் ஒருவர் தப்பினார் என்பது சிறிய காரியமன்று. அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியான ஆய்விலும், நடையும் உணவுக் கட்டுப்பாடும் எடைக்குறைப்பும் நீரிழிவை நூற்றுக்கு 58 பங்கு குறைத்தன.

சென்னை ஆய்வில் முன்னமேயே கடின உழைப்புச் செய்பவர்களைப் புதிதாக நடக்கச் சொல்லவில்லை. அவ்வுழைப்பையே தொடரச் சொன்னார்கள். வரப்பில் நடந்து மண்வெட்டி பிடிக்கும் அங்கத்தினருக்கு இது ஆறுதல். ஆனால் காலைமுதல் மாலைவரை உட்கார்ந்து வேலை செய்வோரும், உழவை இயந்திரத்திடம் ஒப்படைத்தோரும் தம்மைச் சோதித்துக்கொள்ளல் நலம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த ஆய்வாளர்கள் ஒருமுறை சொல்லி விட்டுவிடவில்லை. ஆய்வுக் காலம் முழுதும் அவ்வப்போது நினைவூட்டி வந்தார்கள். ஒருவரையொருவர் நினைவூட்டுவதற்கு நம் சங்கத்தைவிடத் தகுந்த இடம் ஏது? முப்பது வயது கடந்த அங்கத்தினரையும் குடும்பத்தாரையும் ஆண்டுக்கொருமுறை அரசினர் சுகாதார நிலையத்துக்கு ஒன்றாக அழைத்துச் செல்லலாம். மாலையில் பத்துப் பேராகச் சேர்ந்து நடக்கலாம். முன்னரே மருந்து உண்போர் மட்டும் வைத்தியரைக் கேளாது அதை நிறுத்தலாகாது.

கடனுக்கு ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கிறோம். உடல்நலத்துக்கும் அவ்வாறே நிற்போமாக.