13 வெற்றி, மைனஸ் 3: ஜெயிக்கிற டீமை ஏன் உடனே நம்பக்கூடாது?

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விளக்கம். இன்னைக்கு நான் ஃபுட்பால்னு சொல்றது மெஸ்ஸி ஆடற ஃபுட்பால் இல்ல. ஹாக்கின்னு சொல்றது தன்ராஜ் பிள்ளை ஆடின ஹாக்கியும் இல்ல. ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டிக்கிற அமெரிக்க ஃபுட்பால், அதாவது என்எஃப்எல். பனிக்கட்டி மேல சறுக்கிக்கிட்டே ஆடற ஐஸ் ஹாக்கி, அதாவது என்ஹெச்எல். ரூல்ஸ் தெரியாட்டியும் பரவாயில்ல, தேவைப்படறதை நடுவுல சொல்லிடறேன்.

என்னோட வாதம் ஒரே வரிதான்: ஒரு டீம் எவ்வளவு நல்ல டீம்னு தெரிஞ்சுக்கணும்னா, அது எத்தனை மேட்ச் ஜெயிச்சதுங்கறது ரொம்ப பலவீனமான சாட்சி. இதைச் சொன்னா ரசிகர்களுக்குக் கோபம் வரும். "ஜெயிச்சா ஜெயிச்சதுதானே, அதுல என்னடா சந்தேகம்?"னு கேப்பாங்க. ஜெயிச்சதுல எனக்கு சந்தேகம் இல்ல. திரும்பவும் ஜெயிக்குமான்னுதான் சந்தேகம். இது ரெண்டும் வேற வேற கேள்வி.

வைக்கிங்ஸ் கணக்கு

2022 சீசன்ல மினசோட்டா வைக்கிங்ஸ் 17 மேட்ச்ல 13 ஜெயிச்சாங்க. பிரமாதமான ரெக்கார்டு. ஆனா சீசன் முழுக்க அவங்க எடுத்த பாயிண்ட் 424, விட்டது 427. அதாவது 13 மேட்ச் ஜெயிச்ச டீம், மொத்தக் கணக்குல 3 பாயிண்ட் பின்னாடி.

எப்படி? தோத்த 4 மேட்சைப் பாருங்க. ஈகிள்ஸ்கிட்ட 24-7, கவ்பாய்ஸ்கிட்ட 40-3, லயன்ஸ்கிட்ட 34-23, பேக்கர்ஸ்கிட்ட 41-17. மொத்தம் 89 பாயிண்ட் வித்தியாசம். ஜெயிச்ச 13 மேட்சையும் கூட்டினா 86 பாயிண்ட்தான் வருது. அதுலயும் 2 மேட்ச் தலா 16 பாயிண்ட்ல ஜெயிச்சது. அதைக் கழிச்சுட்டா, மிச்சம் 11 வெற்றிக்கு 54 பாயிண்ட். ஒரு மேட்சுக்கு சராசரி 5 பாயிண்ட் கூட இல்ல.

இந்த விளையாட்டுல ஒரு டச்டவுனும் அதோட வர்ற எக்ஸ்ட்ராவும் சேர்ந்தா அதிகபட்சம் 8 பாயிண்ட். அதனால 8 அல்லது அதுக்குக் கீழ வித்தியாசம் இருந்தா, ஒரே ஒரு அட்டாக்ல மாறக்கூடிய மேட்ச்னு எடுத்துக்குவாங்க. அந்த வகை மேட்ச்ல வைக்கிங்ஸ் 11-க்கு 11 ஜெயிச்சாங்க. ஒண்ணு கூட தோக்கல.

அந்த வெற்றிகள் வந்த விதம் இன்னும் சுவாரசியம். பஃபலோ பில்ஸ் மேட்ச்ல ஒரு நிமிஷம் கூட பாக்கி இல்ல, பில்ஸ் முன்னாடி இருக்காங்க, பந்தும் அவங்க கையில. பந்தைப் பத்திரமா வெச்சுக்கிட்டா போதும். குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் சொந்த கோல் லைன்ல பந்தை நழுவ விட்டார். வைக்கிங்ஸ் அதுமேல விழுந்து டச்டவுன் ஆக்கிட்டாங்க. அப்புறம் ஓவர்டைம்ல 33-30. அடுத்த மாசம் கோல்ட்ஸ்கூட ஆடினப்போ பாதி நேரத்துல 33-0ன்னு பின்தங்கி, கடைசில 39-36 ஜெயிச்சாங்க. என்எஃப்எல் வரலாற்றிலேயே மிகப் பெரிய மீட்சி அது. அடுத்த வாரம் ஜயன்ட்ஸ்கூட 61 கெஜ தூரத்துல இருந்து கடைசி உதை.

பார்க்க செம த்ரில். ஆனா கணக்கு போடற ஆளுக்கு வயித்தைக் கலக்கும்.

நெருக்கடியில ஜெயிக்கறது திறமை இல்லையா?

இதுதான் வழக்கமா வர்ற கேள்வி. "நல்ல டீம்தான் நெருக்கடியில ஜெயிக்கும்." கொஞ்சம் உண்மை இருக்கு. சரி, தாராளமாவே கொடுப்போம். நெருக்கமான ஒவ்வொரு மேட்சும் ஜெயிக்க இந்த டீமுக்கு 60 சதவீத வாய்ப்புன்னு வெச்சுக்கோங்க. 11-க்கு 11 வர்றதுக்கான வாய்ப்பு சுமார் 276-ல ஒண்ணு. 70 சதவீதம் கொடுத்தாலும் 50-ல ஒண்ணுதான். நாணயம் சுண்டற மாதிரி பாதிக்குப் பாதின்னா 2048-ல ஒண்ணு. எந்தப் பக்கம் பார்த்தாலும், இது அடுத்த வருஷமும் நடக்கும்னு திட்டம் போடக்கூடிய விஷயம் இல்ல.

காரணமும் எளிது. நெருக்கமான மேட்ச் எதுல முடிவாகுது? கீழ விழுந்த பந்து எந்தப் பக்கம் துள்ளுதுங்கறதுல. அமெரிக்க ஃபுட்பால் பந்து ரெண்டு முனையும் கூர்மையா இருக்கும்; அது எங்க துள்ளும்னு யாராலும் பயிற்சி எடுக்க முடியாது. பந்தைத் தட்டி விழ வைக்கறது திறமை. விழுந்த பந்து நம்ம கைக்கே வர்றது பெரும்பாலும் அதிர்ஷ்டம்.

நம்ம தொழில்ல சொல்லணும்னா, ஆறு மாசமா புரொடக்ஷன் விழல, அதனால சிஸ்டம் சூப்பர்னு சொல்ற மேனேஜர் மாதிரி. லாக் திறந்து பார்த்தா, தினமும் மெமரி 97 சதவீதத்துக்குப் போய்ட்டு வந்திருக்கும். விழல, அவ்வளவுதான். உறுதியா இருந்துச்சுன்னு அர்த்தம் இல்ல.

ப்ளேஆஃப் முதல் மேட்ச்லயே ஜயன்ட்ஸ்கிட்ட 31-24 தோத்தாங்க. 7 பாயிண்ட் வித்தியாசம். அந்த சீசன்ல அவங்க தோத்த ஒரே நெருக்கமான மேட்ச் அது. அதுவே கடைசி மேட்ச்.

ஹாக்கியில அதிர்ஷ்டத்தை அளக்கறது

ஹாக்கியில ஏகப்பட்ட மேட்ச் இருக்கே, அதிர்ஷ்டம் அடங்கிடாதான்னு கேக்கலாம். முழுசா அடங்காது. ஒரு மேட்ச்ல ரெண்டு டீமும் சேர்ந்து கோலை நோக்கி சுமார் 60 ஷாட் அடிப்பாங்க. உள்ள போறது ஆறு. ஒரு ஸ்கேட்ல பட்டுத் திரும்பினா கோல், கம்பத்துல பட்டா இல்ல.

அதனால ஹாக்கி ஆளுங்க கோலை விட்டுட்டு முயற்சியை எண்ண ஆரம்பிச்சாங்க. கோலுக்குள்ள போனது, கீப்பர் தடுத்தது, வெளிய போனது, நடுவுல யாரோ மறிச்சது, எல்லாத்தையும் எண்ணு. நம்ம டீம் எத்தனை, எதிரணி எத்தனை? இந்த அளவுக்குப் பேர் கோர்சி. பஃபலோ டீமோட கோல்கீப்பிங் கோச்சா இருந்த ஜிம் கோர்சியோட பேர். இதை உருவாக்கின டிம் பார்ன்ஸ், அந்தப் பேரைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் கோர்சியோட மீசைன்னு பின்னாடி சொன்னார். மீசைக்கு இவ்வளவு மரியாதை நம்ம ஊர்ல மட்டும்தான்னு நினைச்சேன்!

இன்னொரு அளவு பிடிஓ. நம்ம ஷாட்ல எத்தனை சதவீதம் கோல் ஆச்சு, எதிரணி ஷாட்ல எத்தனை சதவீதம் நம்ம கீப்பர் தடுத்தார், ரெண்டையும் கூட்டினா வர்றது. லீக் முழுக்க சராசரி 100. ஒரு டீம் 100-க்கு ரொம்ப மேல இருந்தா ரெண்டு காரணம் இருக்கலாம்: அசாதாரணமான கீப்பரும் ஷூட்டர்களும் இருக்காங்க, இல்லன்னா அதிர்ஷ்டம் அடிச்சிருக்கு. பெரும்பாலும் ரெண்டாவதுதான். நாளாக ஆக அது 100 பக்கமா இறங்கிடும்.

கொலராடோ அவலாஞ்ச் நல்ல உதாரணம். 2013-14-ல 112 பாயிண்ட், சென்ட்ரல் டிவிஷன்ல முதல் இடம், கோச் பேட்ரிக் ருவாவுக்கு சிறந்த கோச் விருது. ஆனா ஷாட் கணக்குல எதிரணிதான் அதிகம், பிடிஓ உச்சத்துல. முதல் ரவுண்ட்லயே 7-வது மேட்ச்ல மினசோட்டா வைல்ட்கிட்ட தோத்தாங்க. அடுத்த வருஷம் 90 பாயிண்ட், அதே டிவிஷன்ல கடைசி இடம்.

நம்பினவங்களும் நம்பாதவங்களும்

இதெல்லாம் கணக்குப் பிரியர்களோட பொழுதுபோக்குன்னு நினைச்சா, இந்த இடத்துல கவனிங்க. இதுல கோடிக்கணக்கான பணமும் பலரோட வேலையும் மாட்டியிருக்கு.

டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் கடைசியா ஸ்டான்லி கோப்பை ஜெயிச்சது 1967-ல. 2013-ல, லாக்அவுட்டால 48 மேட்சாக் குறைஞ்ச சீசன்ல, 2004-க்கு அப்புறம் முதல் தடவையா ப்ளேஆஃப் போனாங்க. பாஸ்டன்கூட 7-வது மேட்ச்ல கடைசி பீரியட்ல 4-1 முன்னிலை. அங்கிருந்து ஒவ்வொண்ணா விட்டு, கடைசி ஒன்றரை நிமிஷத்துல மட்டும் 2 கோல் வாங்கி, ஓவர்டைம்ல 5-4 தோத்தாங்க. ஊரே அழுதுச்சு. ஆனா நிர்வாகம் படிச்ச பாடம் என்ன? "ஒரு நிமிஷத்துலதான் தவறிட்டோம், நாம நல்ல டீம்."

அந்த சீசன் முழுக்க எதிரணிதான் அதிகமா ஷாட் அடிச்சதுன்னு கணக்கு பார்க்கறவங்க கத்திக்கிட்டே இருந்தாங்க. நிர்வாகம் டேவிட் கிளார்க்சனுக்கு 7 வருஷ ஒப்பந்தம் கொடுத்துச்சு, 36.75 மில்லியன் டாலர். மிகயீல் கிராபோவ்ஸ்கிக்குப் பணத்தைக் கொடுத்து வெளிய அனுப்பிச்சு. கிளார்க்சன் முதல் சீசன்ல அடிச்சது 5 கோல். 2013-14-ல லீஃப்ஸ் ஒரு மேட்சுக்கு கிட்டத்தட்ட 36 ஷாட் வாங்கினாங்க, லீக்லயே அதிகம். மார்ச் வரைக்கும் ஓட்டினாங்க. கடைசி 14 மேட்ச்ல 12 தோத்து ப்ளேஆஃப் கைவிட்டுப் போச்சு. அதுக்கப்புறம்தான் அனலிடிக்ஸ் துறையே ஆரம்பிச்சாங்க. 2015 ஜனவரில கோச் போனார், ஏப்ரல்ல ஜெனரல் மேனேஜர் போனார்.

இப்ப வைக்கிங்ஸைப் பாருங்க. அப்போ ஜெனரல் மேனேஜரா இருந்த க்வெஸி அடோஃபோ-மென்சா, அதுக்கு முன்னாடி வால் ஸ்ட்ரீட்ல கமாடிட்டி டிரேடரா இருந்தவர். 13 மேட்ச் ஜெயிச்ச கையோட அவங்க செஞ்சது: டிஃபென்ஸ் கோஆர்டினேட்டரை நீக்கிட்டு பிரையன் ஃப்ளோரஸைக் கொண்டு வந்தாங்க. ஆடம் தீலன், எரிக் கென்ட்ரிக்ஸ், டால்வின் குக்னு ரசிகர்கள் கொண்டாடின மூத்த வீரர்களை விட்டாங்க. பஃபலோல அந்த டச்டவுன் பந்து மேல விழுந்ததே கென்ட்ரிக்ஸ்தான்! 2023-ல 7-10. குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸ் 8-வது மேட்ச்ல காயமானதும் ஒரு காரணம். ஆனா 2024-ல 14-3. இந்தத் தடவை பாயிண்ட் வித்தியாசம் பிளஸ் 100. அதே மாதிரி ரெக்கார்டு, முற்றிலும் வேற டீம்.

அந்த வருஷமும் ப்ளேஆஃப் முதல் மேட்ச்ல ராம்ஸ்கிட்ட 27-9 தோத்தாங்க. அதையும் சொல்லணும். ஒரே ஒரு மேட்ச் எதையும் நிரூபிக்காதுங்கற விதி எனக்கு வசதியா இருக்கும்போது மட்டும் பொருந்தக் கூடாது இல்லையா.

சந்தேகத்துக்கும் எல்லை இருக்கு

2011 நியூயார்க் ஜயன்ட்ஸ்: 9-7, எடுத்தது 394, விட்டது 400. என் கணக்குப்படி சுமாரான டீம். அவங்கதான் சூப்பர் பவுல்ல பேட்ரியட்ஸை 21-17 ஜெயிச்சாங்க. வாய்ப்பு கம்மிங்கறதும் நடக்காதுங்கறதும் ஒண்ணு இல்ல.

இன்னொரு பக்கம், சந்தேகப்படறது எப்பவும் கெட்ட செய்தி சொல்றதுக்கு மட்டும் இல்ல. 2012-ல லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் 8-வது சீடா உள்ள வந்தாங்க. பேப்பர்ல சாதாரண டீம். ஆனா ஷாட் கணக்குல லீக்கோட வலுவான டீம்கள்ல ஒண்ணு. பந்துக்குப் பதிலா ஆடற அந்த வட்டு உள்ள போக மறுத்துக்கிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான். ப்ளேஆஃப்ல 16 ஜெயிச்சு 4 மட்டும் தோத்து கோப்பையைத் தூக்கினாங்க. தோத்துக்கிட்டு இருக்கற டீமை நம்பச் சொல்றதும் இதே கணக்குதான்.

அதனால உங்க டீம் அடுத்த தடவை வரிசையா ஜெயிக்கும்போது மூணு கேள்வி கேளுங்க. எவ்வளவு வித்தியாசத்துல ஜெயிக்கிறாங்க? ஷாட், வாய்ப்பு உருவாக்கறது யாரு அதிகம்? இந்த வெற்றியை நம்பி நிர்வாகம் யாருக்கு எத்தனை வருஷ ஒப்பந்தம் கொடுக்குது? முதல் ரெண்டு கேள்விக்குப் பதில் சரியில்லாம மூணாவதுல பெரிய நம்பர் வந்தா, கொஞ்சம் பயப்படுங்க.

33-0-ல இருந்து டீம் திரும்பி வர்ற அந்த சாயங்காலம் மட்டும் கால்குலேட்டரை எடுக்காதீங்க. கத்துங்க, குதிங்க. கணக்கு மறுநாள் காலையிலயும் அங்கேயேதான் இருக்கும்.