கால் ஒன்று, வேலை இரண்டு

போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் மாலை டீக்கு வரும் தம்பி ஒருவன் அன்றைக்கு முகம் வாடி உட்கார்ந்திருந்தான். "அண்ணே, ரெண்டு மாசமா ஜிம்முக்குப் போறேன். காலையில கார்பின்ஸ் கோவ் வரைக்கும் சைக்கிளும் மிதிக்கிறேன். எடை ஒரு கிலோகூட இறங்கல. சைக்கிள் மிதிச்சா சதை கரைஞ்சிடும்னு வேற பயமுறுத்துறாங்க. எதை விடணும்?"

"முதல்ல டீயை ஆத்திக் குடி. பெல்ட்டு எப்படி இருக்கு?"

ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறதாம். அப்புறம் என்ன கவலை? ஒரு கிலோ கொழுப்பு போய் ஒரு கிலோ தசை வந்தால் தராசு அசையாது. இடுப்பு இறங்கும், தொடை இறுகும், எண் மட்டும் அப்படியே நிற்கும். புதிதாக எடை தூக்குகிறவனுக்கு இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். பத்து வருஷமாகத் தூக்குகிறவனுக்குத்தான் அது குதிரைக்கொம்பு.

சதை கரையும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் எடை தூக்கிப் பழகியவர். தன் பேராசிரியரோடு சேர்ந்து ஓடத் தொடங்கியதும் பலம் குறைவதைக் கண்டு, அதையே சோதனையாக்கினார். 1980-ல் முடிவு வெளியானது. ஒரு குழு எடை மட்டும் தூக்கியது. ஒரு குழு ஓட்டமும் சைக்கிளும். மூன்றாவது குழு எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தது. பத்து வாரம். சேர்த்துச் செய்தவர்களின் கால் பலம் ஏழாவது வாரம்வரை எடை மட்டும் தூக்கியவர்களைப் போலவே ஏறியது, அப்புறம் நின்று, கடைசியில் இறங்கியது. ஆனால் அவர்கள் வாரத்தில் ஐந்து நாள் கடுமையாகத் தூக்கி, ஆறு நாள் கடுமையாக ஓடியும் மிதித்தும் இருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு யானைக்கே கால் நடுங்கும். நம் தம்பி மிதிப்பது முக்கால் மணி நேரம்.

2012-ல் 21 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, தசைக்கு இடைஞ்சல் தருவதில் முக்கியக் குற்றவாளி ஓட்டம் என்று தெரிந்தது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடை காலில் வந்து விழுகிறது. தசை நீண்டபடியே அதைத் தாங்குவதால் நார்கள் சிராய்கின்றன. பெடலில் அந்த அடி இல்லை. 2022-ல் 43 ஆய்வுகளைச் சேர்த்து இன்னொரு கணக்கு வந்தது: தசை வளர்ச்சிக்கும் பலத்துக்கும் சொல்லும்படியான இழப்பு இல்லை, வெடித்துப் பாயும் வேகம் மட்டும் கொஞ்சம் குறையலாம், அதுவும் இரண்டையும் ஒரே அமர்வில் செய்தால்.

இதற்கெல்லாம் ஆய்வுக்கட்டுரை எதற்கு? நம் தீவுப் பிள்ளை எசோ ஆல்பனின் தொடையைப் பார்த்தால் போதும். நிக்கோபாரில் பிறந்து, 2018-ல் சுவிட்சர்லாந்தின் எய்கிள் நகரில் நடந்த ஜூனியர் உலக டிராக் போட்டியில் கெய்ரின் பிரிவில் வெள்ளி வாங்கியவர். உலகப் போட்டியில் இந்தியச் சைக்கிளுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. மறுவருஷம் பிராங்பர்ட் ஆன் டெர் ஓடரில் அணியாகத் தங்கம். பிரேக்கும் கியர் மாற்றமும் இல்லாத வண்டியை நொடியில் வேகமெடுக்க வைக்க வேண்டும் என்பதால், டிராக் ஸ்பிரிண்டர்களுக்கு ஸ்குவாட் கம்பி தோளில் இல்லாத வாரம் அபூர்வம். சதை கரைகிற ஆட்களா அவர்கள்?

"சரி அண்ணே, நான் எப்படிப் பிரிச்சுக்கறது?"

காலுக்கு எடை தூக்கும் நாளில் சைக்கிளைத் தொடாதே. தொட்டே ஆக வேண்டுமென்றால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று; ஆறு மணி நேரமாவது இடைவெளி. ஒரே மூச்சில் இரண்டும் என்றால் எடைதான் முதலில், களைத்த காலோடு ஸ்குவாட்டில் இறங்கினால் முதுகுதான் மாட்டும். மறுநாள் பேசிக்கொண்டே மிதிக்கும் அளவுக்கு மெதுவாக.

இங்கேதான் நம் ஊர் சதி செய்கிறது. போர்ட் பிளேரில் மெதுவாக மிதிக்கத் தட்டையான சாலை எங்கே? எந்தப் பக்கம் திரும்பினாலும் மேடு. ஒவ்வொரு மேடும் உனக்குத் தெரியாமலே கடுமையான பயிற்சி. தம்பியின் கால்கள் நாளெல்லாம் கனக்கின்றனவாம்; அதற்கு என் கணிப்பில் காரணம் ஜிம் இல்லை, இந்த மேடுகள்தான். மெதுவான நாளில் கடலோரமாக மரினா பார்க் பக்கம் சுற்றினால் போதும். டிசம்பரில் ஐந்தரைக்கே இருட்டிவிடும், விளக்கு வேண்டும்.

சாப்பாட்டில் பட்டினி வேண்டாம். இரவுச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்தால் சரி. புரதம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிராம் என்று வைத்தால், 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். முட்டையிலேயே தேற்றப் பார்த்தால் பதினெட்டு உடைக்க வேண்டும். சூரை மீன் கால் கிலோவே அதில் பாதியைக் கொடுத்துவிடும். மீதிக்குப் பருப்பு, தயிர், சுண்டல், இரண்டு முட்டை. தீவில் இருந்துகொண்டு டப்பாப் பவுடருக்குக் காசு கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சைக்கிள் மட்டும் மிதித்தால் எலும்புக்குப் பாரம் கிடைக்காது என்பதால் நானும் வாரம் இரண்டு நாள் தூக்குகிறேன், கேலி செய்யாதே என்றேன். அவன் கேலி செய்யவில்லை. நாளைக்குக் காலுக்கு எடை தூக்கும் நாளாம். டீக்காசைக் கொடுத்துவிட்டு, ஏறி உட்காராமல், மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனான்.