பாதி விலை ஸ்டிக்கருக்காகக் காத்திருப்பவர்கள்

ஜொகூர் பாரு வட்டாரத்தில் பேரங்காடிகளுக்குப் பஞ்சமில்லை. தெப்ராவ், புக்கிட் இண்டா, ஸ்கூடாய், பிளெந்தோங் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒன்றிரண்டு கண்ணில் படும். அவற்றில் பலவற்றில், கடை அடைக்க ஓரிரு மணி நேரம் இருக்கும்போது ஒரு சிறு கூட்டம் சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். ரொட்டி அடுக்கின் பக்கம் சிலர், சமைத்த உணவு மேசையின் பக்கம் சிலர், மீனும் கோழியும் இருக்கும் குளிர்ப்பெட்டியின் அருகே சிலர் நிற்பார்கள். எதையும் எடுக்க மாட்டார்கள். விலைக்குறைப்பு ஸ்டிக்கரோடு ஊழியர் எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சென்ற பல்கலைக்கழக விடுமுறையில் மூன்று மாதம் நான் அந்த ஊழியராக இருந்தேன். ஒரு பேரங்காடியின் புதிய உணவுப் பிரிவில் பகுதி நேர வேலை. அதற்கு முன் இரண்டு தவணைகள் பி.டி.பி.டி.என். கடன் பணத்தில் மாதத்தை ஓட்டிய மாணவனாக, அதே கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்குப் புரிந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

விலை ஏன் குறைகிறது?

ரொட்டி, வெட்டிய பழம், சமைத்த உணவு, மீன், கோழி, கீரை போன்றவற்றுக்கு ஆயுள் குறைவு. இன்று விற்காதது நாளை குப்பைக்குப் போகும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு பார்ப்போம். கடைக்கு 7 வெள்ளி அடக்கமாகும் ஒரு பொரித்த கோழியை 12 வெள்ளிக்கு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முழு விலைக்கு விற்றால் 5 வெள்ளி லாபம். பாதி விலைக்கு விற்றால் 1 வெள்ளி நட்டம். விற்காமலே போனால் 7 வெள்ளியும் நட்டம். ஆகவே பாதி விலை என்பது கடை செய்யும் தர்மம் இல்லை. நட்டத்தைக் குறைக்கும் வழி.

அப்படியானால் மாலை 6 மணிக்கே பாதி விலை போட்டுவிடலாமே என்று கேட்கலாம். போட்டால், 5.30 மணிக்கு முழு விலை கொடுக்க வந்தவரும் அரை மணி நேரம் காத்திருப்பார். மிகவும் தாமதித்தாலோ வாங்க ஆளிருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நேரத்தைப் பிடிப்பது கிட்டத்தட்ட சூதாட்டம் மாதிரி. நான் வேலை செய்த இடத்தில் அந்த நேரத்தை வாடிக்கையாளரிடம் சொல்லவே கூடாது என்று கட்டளை. ஒரு நாள் 8.30 மணி, மறுநாள் 9.40 மணி. எத்தனை விழுக்காடு என்பதும் அன்றைய கையிருப்பைப் பார்த்துப் பிரிவின் பொறுப்பாளர் சொல்வதுதான். முதலில் 20 அல்லது 30, கடைசியில் 50.

சொன்ன விலையைக் கையடக்கக் கருவியில் அழுத்தினால் புதிய பார்கோடுடன் ஸ்டிக்கர் வரும். ஒவ்வொன்றும் கணக்கில் பதிவாகும். நானாக ஒரு பொட்டலத்துக்குக்கூட விலையைக் குறைக்க முடியாது. கருவி என் கையில் இருந்தது, அதிகாரம் வேறொருவர் கையில் இருந்தது.

ஆனால் வாடிக்கையாளர் பார்ப்பது என்னைத்தானே!

"தம்பி, இதுக்கும் ஒண்ணு ஒட்டிக் குடுப்பா. எப்படியும் ராத்திரி தூக்கித்தானே போடப் போறீங்க?"

இந்தக் கேள்வியை நான் தமிழிலும் மலாயிலும் கேட்காத நாளில்லை. பதில் சொல்லக் கடினமான கேள்வி, ஏனென்றால் அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை.

ஓர் இரவு நடந்தது

வாரத்தில் மூன்று நான்கு நாள் வரும் ஓர் ஆன்ட்டி இருந்தார். மீன் பொட்டலம் இரண்டு, கிடைத்தால் ஒரு ரொட்டி. அதற்கு மேல் எடுக்க மாட்டார். ஒரு நாள் இரவு 9 மணிக்கு என்னிடம் வந்து, "இன்னிக்கு எப்பப்பா?" என்றார். "எனக்குத் தெரியாது ஆன்ட்டி, மேலிருந்து சொல்லணும்" என்றேன். அவர் நம்பவில்லை. "உனக்குத் தெரியும், சொல்ல மாட்டேங்கிற. வேண்டியவங்களுக்கு மட்டும் சொல்வீங்க" என்று எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போட்டார். கால் மணி நேரம் நின்றார். பிறகு பேருந்து போய்விடும் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனார்.

அன்று விலைக்குறைப்புக் கட்டளை வந்தது 9.40 மணிக்கு. நின்றிருந்த சிலர் சிலவற்றை எடுத்தார்கள். கடை மூடியபோது ஆறு மீன் பொட்டலங்கள் மிஞ்சின. அவற்றை எண்ணிக் கணக்கில் எழுதிப் பையில் போட்டுக் கட்டியது நான். அவருக்கு வேண்டியிருந்தது இரண்டு.

என்னோடு வேலை செய்த மூத்த மலாய் ஊழியரை எல்லாரும் 'காக்' என்றுதான் கூப்பிடுவோம். பல ஆண்டு அனுபவம் உள்ளவர். அவர் எனக்குச் சொன்னது இதுதான்: "நிர்வாகியிடம் கேட்க முடியாததை நம்மிடம் கேட்கிறார்கள். மரியாதையாகப் பதில் சொல். ஆனால் வாக்குக் கொடுத்துவிடாதே." அந்தக் கடையில் எனக்குக் கிடைத்த பயிற்சியிலேயே பயனுள்ள பாடம் அதுதான்.

இரு பக்கமும் குறை உண்டு

காத்திருப்பவர்கள் எல்லாரும் அந்த ஆன்ட்டியைப் போன்றவர்கள் என்று சொல்ல மாட்டேன். சிலர் மாலையிலேயே வந்து கோழிப் பொட்டலத்தை எடுத்து மைலோ டின்களுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள், இரவு ஸ்டிக்கர் வந்ததும் எடுக்கலாம் என்று. இது வெறும் தந்திரம் இல்லை, ஆபத்து. 5 பாகைக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் ஊர் வெப்பத்தில் குளிர்ப்பெட்டிக்கு வெளியே பல மணி நேரம் கிடந்த கோழியை யாருக்கும் விற்க முடியாது, நேராகக் குப்பைதான். வேறு சிலர் ஒரு பொருளின் ஸ்டிக்கரை உரித்து இன்னொன்றில் ஒட்டுவார்கள். அது சாமர்த்தியமாகத் தோன்றலாம். சட்டத்தின் கண்ணில் ஏமாற்று வேலை. இன்னும் சிலர் தள்ளுவண்டியோடு வந்து மேசையில் இருப்பது மொத்தத்தையும் வாரிக்கொண்டு போவார்கள். பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் இருக்காது.

ஊழியர் பக்கமும் சுத்தமில்லை. தெரிந்தவருக்காகப் பொருளைப் பின்னறையில் எடுத்து வைப்பது, கேட்பவரைப் பிச்சைக்காரரைப் பார்ப்பதுபோல் பார்ப்பது, "அங்கே போ, இங்கே நிற்காதே" என்று விரட்டுவது எல்லாம் என் கண்முன் நடந்தவை. "வேண்டியவங்களுக்கு மட்டும் சொல்வீங்க" என்ற சந்தேகம் ஒன்றுமில்லாததிலிருந்து வரவில்லை.

அதே நேரத்தில் அந்த ஊழியரின் நிலையையும் பாருங்கள். 2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக் கணக்கில் 8 வெள்ளி 72 காசு. எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, தான் முடிவு செய்யாத ஒரு விலைக்காகத் திட்டு வாங்குபவர் அவர். விலை குறைந்த பொருளை எடுத்துப் போனால் அவர் வீட்டுக்கும் உதவும். ஆனால் தாங்களே ஸ்டிக்கர் ஒட்டிய பொருளை ஊழியர்கள் வாங்கக் கூடாது என்பது எங்கள் கடையின் விதி.

யார் காத்திருக்கிறார்கள்?

நான் பார்த்த முகங்கள் பலதரப்பட்டவை. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள், வேலை முடிந்து வரும் தொழிற்சாலைத் தொழிலாளர்கள், ஓய்வூதியக்காரர்கள், சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுப் பாலத்தைக் கடந்து இரவில் வீடு திரும்புபவர்கள். 2023 நவம்பர் 1-ஆம் தேதி கோழிக்கான உதவித்தொகையும் கிலோ 9 வெள்ளி 40 காசு என்ற உச்சவரம்பு விலையும் நீக்கப்பட்டன. 2025 ஆகஸ்டு 1-ஆம் தேதி முட்டைக்கான உதவித்தொகையும் நின்றது. வீட்டுச் செலவைக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் போகாது.

ஜொகூருக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. 2014 முதல் நமக்கு வெள்ளி, சனி வார விடுமுறையாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு. இப்போது நமக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நாளில் விடுமுறை. ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும் நிலையில், அங்கிருந்து வருபவர்கள் முழு விலைக்கே வண்டி நிறைய வாங்கிப் போகிறார்கள். ஞாயிறு இரவு எங்கள் பிரிவில் மிஞ்சுவது குறைவு. அன்று காத்திருப்பவர்களின் முகத்தில் பதற்றமும் அதிகம்.

பசார் மாலாமில் ஏன் சண்டையில்லை?

பசார் மாலாமிலும் கடை கட்டும் நேரத்தில் விலை இறங்கும். "லேலோங், லேலோங்!" என்று வியாபாரியே கூவுவார். மூன்று கட்டுக் கீரை இரண்டு வெள்ளி என்பார். நாம் நான்கு கேட்போம். அவர் சிரித்துக்கொண்டே கொடுப்பார், அல்லது முடியாது என்பார். அங்கே யாரும் யாரையும் சந்தேகப்படுவதில்லை. விலையை முடிவு செய்பவர் நம் எதிரிலேயே நிற்கிறார். எல்லாருக்கும் கேட்கும்படி சொல்கிறார்.

பேரங்காடியில் இது இரண்டுமே கிடையாது. முடிவு செய்பவர் கண்ணில் பட மாட்டார், நேரமும் இரகசியம். அந்த வெற்றிடத்தில்தான் சந்தேகமும் சத்தமும் நுழைகின்றன. ஊழியருக்கும் வாடிக்கையாளருக்கும் நடக்கும் இந்தச் சண்டை, உண்மையில் அவர்கள் இருவருக்கும் இடையிலான சண்டையே இல்லை என்பது என் எண்ணம்.

மற்ற நாடுகளும் நம் சட்டமும்

விலைக்குறைப்பு மற்ற இடங்களிலும் சும்மா வந்துவிடவில்லை. ஜப்பானில் செவன்-இலெவன் நிறுவனம், காலாவதி நெருங்கும் உணவுப் பொட்டலங்களின் விலையைக் குறைக்கவிடாமல் தன் கிளை உரிமையாளர்களைத் தடுத்தது. அதை நிறுத்தும்படி அந்நாட்டின் நியாய வணிக ஆணையம் 2009 ஜூனில் உத்தரவிட்டது. உணவு விரயத்தைக் குறைக்க 2019-இல் அங்கே தனிச் சட்டமே வந்தது. பிரான்சில் 2016-இல் வந்த சட்டத்தின்படி, 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பேரங்காடிகள் உண்ணத்தக்க உணவை அழிக்கக் கூடாது; தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். சிங்கப்பூர் 2024 ஆகஸ்டில் உணவு தானம் செய்பவர்களைப் பாதுகாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

நமக்கு அது சிங்கப்பூருக்கு முன்பே வந்துவிட்டது. 2020-ஆம் ஆண்டின் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம், நல்லெண்ணத்தோடு பாதுகாப்பான உணவைத் தானம் செய்பவர்மீது பின்னர் வழக்கு வராமல் காக்கிறது. ஆனால் கொடுத்தே ஆக வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. 2018 இறுதியில் உணவு வங்கித் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டே அது 'ஃபூட் பேங்க் சிஸ்வா' என்ற பெயரில் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் வந்தது. இருந்தும், மலேசியர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 17,000 டன் உணவைக் கழிவாக எறிவதாகவும், அதில் சுமார் 4,000 டன் இன்னும் உண்ணத்தக்கது என்றும் திடக்கழிவு நிர்வாகக் கழகமான எஸ்.டபிள்யூ.கோர்ப் கூறியிருக்கிறது. அந்த ஆறு மீன் பொட்டலங்களும் இந்த வகைதான்.

என்ன செய்யலாம்?

பெரிய மாற்றம் எதுவும் வேண்டியதில்லை. 'விலைக்குறைப்பு இரவு 8.30 மணிக்கு, ஒருவருக்கு மூன்று பொட்டலம்' என்று ஒரு பலகை வைத்தால் போதும். சிலர் முழு விலை கொடுக்காமல் காத்திருக்கலாம். அந்த நட்டம் உண்மைதான். ஆனால் இரவு மிஞ்சிக் குப்பைக்குப் போவது குறையும். ஊழியர் திட்டு வாங்குவதும் குறையும். அதற்கும் மிஞ்சுவதை உணவு வங்கிக்குக் கொடுக்கலாம்.

நீங்கள் வாங்கப் போகும் மாணவராக இருந்தால்:

● தேதியைப் படியுங்கள். 'தாரிக் லுப்புட்' என்றால் அந்நாளுக்குப் பிறகு உண்ணக் கூடாது. 'பாயிக் செபலும்' என்றால் அதுவரை தரம் உறுதி. பிறகு சுவையும் மணமும் குறையலாம்.

● குளிர்ந்த உணவைக் கடைசியாக எடுங்கள். வீட்டில் உடனே குளிர்பெட்டியில் வையுங்கள், அல்லது அன்றே சமைத்துவிடுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் எடுத்த இடத்திலேயே வையுங்கள்.

● ஊழியரிடம் நேரத்தைக் கேட்கலாம்; விலையைப் பேரம் பேசாதீர்கள். குறை இருந்தால் வாடிக்கையாளர் சேவை முகப்பில் நிர்வாகியைக் கேளுங்கள். நேரத்தை அறிவிக்கச் சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

● தேவைக்கு மட்டும் எடுங்கள். உங்களுக்குப் பின்னால் நிற்பவருக்குக் கடைசிப் பேருந்து இருக்கலாம்.

பகுதி நேர வேலைக்குப் போகும் மாணவராக இருந்தால், 'காக்' எனக்குச் சொன்னதையே சொல்கிறேன்: மரியாதையாகப் பதில் சொல்லுங்கள், வாக்குக் கொடுக்காதீர்கள். அதோடு நான் ஒன்றைச் சேர்க்கிறேன். இரவில் குப்பைக்குப் போவதை எண்ணி எழுதுவது நீங்கள்தான். எந்தப் பொருள் எத்தனை மிஞ்சுகிறது, எத்தனை மணிக்குக் குறைத்தால் விற்கிறது என்று ஒரு மாதம் குறித்து வைத்துப் பொறுப்பாளரிடம் காட்டுங்கள். என் கடைசி வாரத்தில் நான் அப்படி ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதன்படி எல்லாவற்றையும் மாற்றவில்லை. மீனுக்கு மட்டும் இப்போது 8.30 மணிக்கே ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களாம்.