இரண்டாவது கத்திக்கு முன்னால்

இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்கள் மருத்துவரிடம் தவறாமல் வந்துபோகும் காலம் முதல் ஒன்றரை ஆண்டுதான். எடை மளமளவென்று இறங்கும் காலம் அது. எடை பார்க்கும் கருவியில் ஏறி நிற்பதே அப்போது ஒரு சந்தோஷம். மூன்றாவது, நான்காவது ஆண்டில் எடை மெல்ல ஏறத் தொடங்கும்போது ஆள் காணாமல் போய்விடுவார். 'அவ்வளவு செலவு பண்ணி ஆபரேஷன் செஞ்சும் மறுபடி இப்படி வந்து நிக்கறீங்களே' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம். ஐந்தாறு ஆண்டு கழித்து, நன்றாகவே எடை கூடிய பிறகு, ஒரே ஒரு கேள்வியோடு திரும்பி வருவார்: "டாக்டர், இன்னொரு தடவை பண்ணிடலாமா?"

இதற்குச் சட்டென்று 'ஆகட்டும்' என்று சொல்லும் மருத்துவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம் என்பது என் கட்சி. பார்க்காமலே 'கூடவே கூடாது' என்பவரிடமிருந்தும்தான். திரும்பிய எடைக்குக் காரணம் வயிற்றின் அமைப்பில் இருக்கிறதா, உடம்பின் இயக்கத்தில் இருக்கிறதா என்று தெரியாதவரை அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

அதற்கும் முன்னால், எவ்வளவு எடை திரும்பினால் அது பிரச்சினை? ஓரளவு எடை திரும்புவது இந்தச் சிகிச்சையின் இயல்பான போக்கு. ஸ்வீடனில் 1987இல் தொடங்கி அறுவை சிகிச்சை செய்துகொண்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல்லாண்டு தொடர்ந்த ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சராசரியாக 32 சதவீத எடையை இழந்தார்கள். பத்தாவது ஆண்டில் அது 25 சதவீதமாக இருந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 12 ஆண்டு நடந்த இன்னொரு ஆய்வில் இரண்டாம் ஆண்டில் 45 கிலோ குறைந்திருந்தது. ஆறாம் ஆண்டில் அது 36 கிலோ, பன்னிரண்டாம் ஆண்டில் 35. அதாவது, முதலில் கொஞ்சம் ஏறிப் பிறகு ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. இழந்த எடை முழுவதையும் திரும்பப் பெற்றவர்கள் அந்த ஆய்வில் நூற்றுக்கு ஒருவர்தான். 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்று வீட்டுக்குள் முடங்குபவர்களுக்கு இந்த எண்ணை யாரும் சொல்வதில்லை.

2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதையே வேறு விதமாக அளந்தது. எடை அடிமட்டத்தைத் தொட்டதிலிருந்து ஐந்து ஆண்டுகளில், இழந்ததில் சுமார் 27 சதவீதம் திரும்பிவிடுவதுதான் நடுவாந்தரமான நிலை. 40 கிலோ இழந்தவருக்கு 10, 11 கிலோ திரும்பினால் அவர் எல்லோரையும் போலத்தான் இருக்கிறார். ஆனால் கிலோவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் தவறு. கட்டுப்பட்டிருந்த சர்க்கரை மீண்டும் எகிறுகிறதா, நிறுத்தியிருந்த ரத்த அழுத்த மாத்திரையை மறுபடி எழுத வேண்டி வந்ததா, குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் திரும்பிவிட்டனவா? ஏழெட்டு கிலோதான் ஏறியிருந்தாலும் இவற்றில் ஒன்று வந்துவிட்டால் மருத்துவர் தீவிரமாகப் பார்த்தாக வேண்டும்.

இந்த அறுவை எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால்தான் எங்கே பழுது பார்ப்பது என்பது புரியும். 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசனும் சிகாஷி இட்டோவும் இதை முதலில் செய்தார்கள். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டவர்கள் மெலிந்தே இருப்பதை மேசன் கவனித்திருந்தார். இன்றைய வடிவத்தில், இரைப்பையின் மேல் நுனியில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சிறு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் சற்றுக் கீழான பகுதியோடு நேரே இணைக்கிறார்கள். மிச்ச இரைப்பை உள்ளேயே இருக்கிறது, ஆனால் சோறு அந்தப் பக்கம் போவதில்லை. பித்தநீரும் கணையநீரும் தனிப்பாதையில் வந்து, கீழே ஓரிடத்தில் உணவோடு கலக்கின்றன.

பை சின்னது, அதனால் குறைவாகச் சாப்பிடுகிறார், அதனால் இளைக்கிறார் என்றுதான் நீண்ட காலம் நம்பினார்கள். பலர் இன்னும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் காரணம் அது மட்டுமில்லை. உணவு குடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரமே போய்ச் சேர்வதால் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற குடல் ஹார்மோன்கள் பல மடங்கு சுரந்து, 'போதும்' என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. 2007இல் லண்டனில் காரெல் லெ ரூ குழுவினர் இதை அழகாகச் சோதித்தார்கள். குடல் ஹார்மோன்களை அடக்கும் ஆக்ட்ரியோடைட் என்ற மருந்தைப் பைபாஸ் செய்தவர்களுக்குப் போட்டதும், அதே சின்னப் பையோடு அவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரைப்பையைச் சுற்றிப் பட்டை மட்டும் கட்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. எடை சரியாகக் குறையாத பைபாஸ்காரர்களிடம் இந்த ஹார்மோன்கள் குறைவாகவே சுரப்பதையும் அதே குழு கண்டது. பையின் அளவு இருந்தபடியே இருக்க, பசி மட்டும் திரும்பி வர முடியும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். இங்கே மூன்று கோளாறுகள் உண்டு. பை விரிந்துபோகலாம். பைக்கும் குடலுக்கும் இடையிலான வாய் அகலமாகிவிடலாம். மூன்றாவது அரிது, ஆனால் மூன்றிலும் இதுதான் தெளிவான கோளாறு: பிரித்து வைத்த பைக்கும் பழைய இரைப்பைக்கும் நடுவே ஓட்டை விழுந்து, உணவு பழைய வழியிலேயே போகத் தொடங்குவது. இரைப்பையை வெட்டிப் பிரிக்காமல் ஸ்டேப்ளர் வரிசையால் மட்டும் அடைத்துவைத்த அந்தக் கால முறையில் இது அதிகம் நடந்தது. எண்டோஸ்கோபியும், பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயும் இம்மூன்றையும் காட்டிக்கொடுத்துவிடும். ஓட்டைதான் காரணம் என்றால், அதிலும் இணைப்பருகே ஆறாத புண்ணும் சேர்ந்திருந்தால், மறு அறுவை செய்வதில் பெரிய விவாதமே இல்லை.

பெரும்பாலானவர்களுக்குப் பரிசோதனையில் இப்படிப் பளிச்சென்று எதுவும் தெரிவதில்லை. வாய் சற்று அகலம், பை சற்றுப் பெரிது, அவ்வளவுதான். அப்போது உடம்பின் பக்கம் திரும்ப வேண்டும். எடை குறைந்த உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்கிறது, பசியைக் கூட்டுகிறது; கடன் கொடுத்தவர் மாதிரி, இழந்ததைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. யாரிடம் எவ்வளவு கறாராகக் கேட்கும் என்பதில் பிறவிக்கும் பங்குண்டு. பாஸ்டனில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு பைபாஸ் செய்த சோடிகளை ஒப்பிட்டது. பெற்றோர்–பிள்ளை, உடன்பிறந்தோர் ஆகியோருக்குக் குறைந்த எடை ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டாலும் ரத்த உறவு இல்லாத சோடிகளிடம் அந்த ஒற்றுமை காணோம். 'வாயைக் கட்டியிருந்தா ஏறியிருக்குமா?' என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு நான் காட்ட விரும்பும் ஆய்வு இது.

அதற்காகத் தட்டில் இருப்பதைக் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது. அறுவைக்குப் பிறகு ஒரு தந்திரம் தானாகவே கற்றுக்கொள்ளப்படுகிறது. சுண்டலோ கோழித்துண்டோ சின்னப் பைக்குள் நின்று நிதானமாக இறங்கும், நாலு வாய்க்குள் வயிறு நிறைந்துவிடும். டீயில் நனைத்த பிஸ்கட்டும் ஐஸ்கிரீமும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். 'நான் சாப்பிடறதே ரெண்டு இட்லி டாக்டர்' என்பது பொய்யில்லை. நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் கொறிப்பு அவருக்கே சாப்பாடாகத் தெரிவதில்லை.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. பைபாஸ் செய்த சிலருக்கு, இனிப்போ மாவுச்சத்தோ சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ரத்தச் சர்க்கரை தடாலென்று விழும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். உடனே அவர் இனிப்பைத் தேடுவார். அந்த இனிப்பு அடுத்த சரிவைக் கொண்டுவரும். இந்தச் சுழலில் சிக்கி எடை ஏறியவருக்குத் தேவை உணவு மாற்றமும் மருந்தும். பையை மறுபடி சுருக்குவதால் மட்டும் இது தீர்ந்துவிடாது. இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் ஆகியவையும் எடையைக் கூட்டும். மதுவும் அப்படித்தான், பைபாஸுக்குப் பின் அது வெகு வேகமாக ரத்தத்தில் ஏறும், பழக்கமாகும் அபாயமும் கூடுதல்.

இவ்வளவும் பார்த்த பிறகு கையில் என்ன வழிகள்? வயிற்றைத் திறக்காமல், வாய் வழியாக எண்டோஸ்கோபியைச் செலுத்தி, அகன்ற இணைப்பைத் தையலால் சுருக்குவது ஒன்று. பாஸ்டனைச் சேர்ந்த கிறிஸ்டோபர் தாம்சன் இதில் முன்னோடி. 77 பேரிடம் நடந்து 2013இல் வெளியான சோதனையில், ஒரு பிரிவினருக்குத் தையல் போடுவதுபோலப் பாவனை மட்டும் செய்தார்கள். ஆறு மாதத்தில் தையல் போட்டவர்களுக்கு 3.5 சதவீதம் எடை குறைந்தது, பாவனைப் பிரிவுக்கு 0.4 சதவீதம். பின்னால் வந்த ஆழத்தையல் கருவிகள் இன்னும் நன்றாகப் பிடிக்கின்றன. 2022இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அப்படி ஒரு கருவிக்கு அனுமதியும் கொடுத்தது. ஆனாலும் முதல் அறுவை தந்ததைப் போன்ற வீழ்ச்சியை இதில் எதிர்பார்க்கக் கூடாது. நூறு கிலோ உள்ளவருக்குப் பத்து கிலோ குறைந்தால் நல்ல பலன்தான். ஆபத்து குறைவு என்பதால், வாய் அகன்றுபோனவர்கள் முதலில் யோசிக்க வேண்டிய வழி இது என்பேன்.

பையை வெட்டிச் சின்னதாக்குவது, அதைச் சுற்றி வளையம் போடுவது ஆகியவை லேப்ராஸ்கோப்பி வழிச் சிகிச்சைகள். முன்பு தொட்ட இடம் தழும்பேறி ஒட்டிக்கொண்டிருக்கும். கல்லீரலின் அடிப்பக்கமும் பழைய இரைப்பையும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் இடத்தில் மறுபடி கத்தி வைப்பதால், கசிவும் ரத்தப்போக்கும் முதல் அறுவையைவிடக் கூடுதல். பலன் குறைவு, ஆபத்து அதிகம் என்பதுதான் மறு அறுவையின் பொதுவான நிலவரம்.

மூன்றாவது வழியில்தான் எனக்கு உண்மையான பயம். உணவும் செரிமான நீரும் கலந்து ஓடும் குடலின் நீளத்தைக் குறைத்து, சத்து உறிஞ்சப்படுவதையே குறைப்பது அது. எடை நன்றாகவே இறங்கும். விலை என்ன என்பதை அமெரிக்காவின் ரிச்மண்டில் ஹார்வி ஷுகர்மன் குழு 1997இல் மறைக்காமல் எழுதியது. கலந்து ஓடும் பகுதியை 50 சென்டிமீட்டராக வைத்த முதல் ஐந்து பேருக்கும் கடுமையான ஊட்டக்குறைவு வந்து, ஐவருக்கும் மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது. இருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். 150 சென்டிமீட்டராக்கிய பிறகும் சிலருக்கு மாற்றியமைக்க நேர்ந்தது. இன்று இன்னும் அதிக நீளம் விடுகிறார்கள். அப்படியும் கொழகொழவென்று நாற்றத்தோடு போகும் மலம், புரதக் குறைவால் கால் வீக்கம், ஆயுளுக்கும் வைட்டமின் மாத்திரைகள் என்ற கணக்கை மருத்துவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சைவ உணவுக்காரருக்குப் புரதக் கணக்கு இன்னும் இறுக்கமாகும்.

இந்த வரிசையில் இப்போது மருந்துகள் முன்னால் வந்து நிற்கின்றன. லண்டனில் 2023இல் வெளியான சோதனையில், அறுவைக்குப் பின் எடை போதுமான அளவு குறையாத, ஜிஎல்பி-1 சரியாகச் சுரக்காத 70 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் ஒரு பிரிவினருக்கு அந்த ஹார்மோனைப் போலவே செயல்படும் லிராகுளூட்டைட் ஊசியைக் கொடுத்தார்கள். 24 வாரத்தில் 8.8 சதவீதம் குறைந்தது, வெற்று ஊசி பெற்றவர்களுக்கு 0.5 சதவீதம். குறைந்த ஹார்மோனை வெளியிலிருந்து ஈடுகட்டினால் எடை இறங்குகிறது என்றால், கோளாறு பையில் இல்லை என்றுதானே பொருள்? அதைவிட வலுவான செமாகுளூட்டைடும் டிர்செபடைடும் 2025 முதல் எடைக் குறைப்புக்கென்றே இந்திய மருந்துக் கடைகளிலும் கிடைக்கின்றன. இதிலும் சிக்கல் உண்டு. செமாகுளூட்டைடை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக 2022இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஆண்டுக்கணக்கில் ஊசிக்குப் பணம் கட்ட முடியுமா என்பதையும் நேர்மையாகக் கணக்குப் போட்டாக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் மறு அறுவைதான் வழி என்று முடிவானால், அதற்கு முன் செய்ய வேண்டியவை சில. ரத்தத்தில் இரும்பு, பி12, டி, ஆல்புமின் ஆகியவற்றைப் பார்த்துக் குறைவை ஈடுகட்டியிருக்க வேண்டும். புகைப்பவர் நிறுத்தியே ஆக வேண்டும், இணைப்பருகே புண் வர முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. அப்புறம், முதல் அறுவையின்போது எழுதிய குறிப்பு. டிஸ்சார்ஜ் சம்மரி இதற்குப் போதாது. குடலின் எந்தப் பகுதியை எத்தனை சென்டிமீட்டர் விட்டார்கள், இரைப்பையை வெட்டிப் பிரித்தார்களா, வளையம் ஏதாவது போட்டார்களா என்பதெல்லாம் அறுவைக் குறிப்பில்தான் இருக்கும். பழைய மருத்துவமனையில் கேட்டால் தருவார்கள், அலைந்தாவது வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் போனால், புது மருத்துவர் தழும்புக்கு நடுவே முழுக் குடலையும் கருவியால் பிடித்துப் பிடித்து அளந்த பிறகே எங்கே வெட்டுவது என்று முடிவெடுக்க முடியும்.